பதினோரு பேருக்கு ஒரு கட்டைவிரல்

செப். 17, புதன்

காலையிலேயே வெயில். ஸ்ரீவில்லிபுத்தூரில் (இனி ஸ்ரீவி.) பஸ் ஏறும்போது சட்டை நனைந்தது. ராஜபாளையத்தில் இறங்குவதற்குள் காய்ந்து, முதுகில் உப்புக்கோடு.

இன்றைய வேலை: பழைய வருகைப்பதிவு மென்பொருளை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றுவது. பழையது அசிங்கமாக இருக்கும், வேலை செய்யும். புதியது அழகாக இருக்கிறது. 'கிளவுட்'டில் இருக்கிறதாம். எங்கோ ஒருவன் வாடகைக்கு விடும் கம்ப்யூட்டருக்கு அந்தப் பெயர். பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனிக்கு இது எதற்கு என்று கேட்டேன். மனிதவள மேலாளர் விக்னேஷ் சிரித்தார். ஆறு மாதம் முன்பு கோயம்புத்தூரிலிருந்து வந்தவர். இனி வி.

"நீங்க ரொம்ப ஓல்டு ஸ்கூல் சார்."

படித்த பள்ளிக்கூடத்தைச் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டேன்.

தரவை மாற்றும்போது ஒன்று கண்ணில் பட்டது. கண்ணில் பட்டது என்ன, நான் செய்துவைத்ததுதான். இங்கே மட்டும் எழுதலாம்.

மடிப்புப் பிரிவில் பதினோரு பெண்கள். நாள் முழுக்க வெளுத்த துணியை மடித்து மடித்து விரல் ரேகை தேய்ந்துபோனவர்கள். மூன்று வருஷம் முன்பு வாசலில் விரல்ரேகை மிஷின் வைத்தபோது ஒருத்தர் விரலும் பதியவில்லை. மிஷின் விற்றவன் போனில், "விரலைச் சுத்தமா கழுவச் சொல்லுங்க" என்றான். அவர்கள் விரல்கள் இந்தக் கட்டடத்திலேயே சுத்தமானவை. விரல் இல்லாவிட்டால் வருகை இல்லை என்றது நிர்வாகம். 'ஒரு விரலுக்கு ஒரு பெயர் மட்டும்' என்று மிஷினில் ஒரு கட்டம் இருந்தது. அதிலிருந்த டிக்கை எடுத்தேன். வாசல் காவலர் கருப்பசாமி அண்ணனின் வலது கட்டைவிரலைப் பதினோரு பெயரிலும் பதிந்தேன். தினமும் காலையில் அவர் ஒவ்வொரு எண்ணாகத் தட்டி, விரலை வைப்பார். எண்கள் எல்லாம் மனப்பாடம். அவர் லீவு போட்டால் பதினோரு பேருக்கும் நான் கையால் வருகை போட்டுவிடுவேன்.

தற்காலிக ஏற்பாடு. எங்கள் தொழிலில் நிரந்தரமானது அது ஒன்றுதான்.

புதியதில் கையால் வருகை போடும் உரிமை வி.க்கு மட்டும். எனக்கும் வேண்டும் என்றேன்.

"மேனுவல் என்ட்ரி விட்டா சார், அதுதான் ஃப்ராடுக்கு வாசல்."

அந்த வாசலில் நின்றுகொண்டுதான் கேட்டேன்.

செப். 18, வியாழன்

வெயில் குறையவில்லை. சர்வர் அறை ஏ.சி. சொட்டுகிறது. அடியில் பக்கெட். பக்கெட் நிரம்பினால் எச்சரிக்கும் மென்பொருள் இன்னும் வரவில்லை. வந்தால் அதற்கும் ஒரு கடவுச்சொல் கேட்பார்கள்.

இன்றைய புகார்கள்:
– அக்கவுண்ட்ஸில் மௌஸ் நகரவில்லை. (பேட்டரி.)
– இன்டர்நெட் மெதுவாம். (நாலு பேர் கிரிக்கெட் பார்க்கிறார்கள். கேட்டவர் உட்பட.)
– ஸ்டோர்ஸில் கடவுச்சொல் மறந்துவிட்டது. (மானிட்டரின் நெற்றியில் ஒட்டியிருக்கிறது. மேலே விபூதி பூசியதால் தெரியவில்லை.)
– 'முக்கியம்! அவசரம்!' என்று ஒரு மெயில். உள்ளே ஒன்றும் இல்லை.

மேசைக்கடியில் ஒயரைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். கருப்பசாமி அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"சார், சனிக்கெழம நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் திருவண்ணாமலைக்குப் போறேன், பெருமாளப் பாக்க. புரட்டாசி மொத சனிலா. லீவு சொல்லிட்டேன்."

"போயிட்டு வாங்கண்ணே. எனக்கும் சேத்துக் கும்பிட்டுக்கோங்க."

"ஒங்களுக்கு என்ன வேண்டிக்கிட?"

"கரண்டு போகாம இருக்கணும்."

சிரித்துக்கொண்டே போனார். நான் ஒயரில்தான் கவனமாக இருந்தேன்.

செப். 20, சனி

பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்று வந்தேன். எதிரே மலைக்குப் போகும் பஸ்களில் அதைவிடக் கூட்டம். ஸ்ரீவி. பக்கத்து மலைக்கோயில் பெருமாளுக்கு இன்று ஓய்வே கிடையாது.

வாசலுக்கு வந்ததும்தான் உறைத்தது. மிஷின் முன்னால் பதினோரு பேரும் நிற்கிறார்கள். கருப்பசாமி மலையில். கட்டைவிரலும் அவரோடு.

ஜெபமணி அக்கா மிஷினில் விரலை அழுத்திக்கொண்டிருந்தார். மடிப்பில் மூத்தவர். பத்தொன்பது வருஷம்.

"பிளீஸ் ட்ரை அகெய்ன்" என்றது மிஷின்.

"ஏட்டி, என்ன சொல்லுது?"

"திரும்ப வைக்கச் சொல்லுதுக்கா."

"எம்புட்டு தடவதான் வைக்க? இம்புட்டு நேரம் அடுப்புல வச்சிருந்தா சோறே வெந்திருக்கும்." சேலையில் விரலைத் துடைத்து மறுபடி வைத்தார்.

"பிளீஸ் ட்ரை அகெய்ன்."

"இங்கிலீசுல நல்லா என்னயத் திட்டு. எனக்குப் புரியாதுல்லா, ஒனக்குத் தோதுதான். ஏட்டி, எல்லாம் உள்ள வாங்க. வேல கெடக்கு." என்னைப் பார்த்துவிட்டார். "கம்ப்யூட்டர் சார், நீங்க பாத்துக்கிடுங்க."

தலையாட்டினேன்.

மேலே போய் மென்பொருளைத் திறந்தால், வருகை போட எனக்கு உரிமை இல்லை. வி.க்கு மூன்று முறை போன். கோயம்புத்தூரில் இருக்கிறார், எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பலாம் என்று தட்டினேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில் கை நின்றது. அழித்தேன். திங்கட்கிழமை நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

மூன்று மணிக்கு லேபிள் பிரிண்டரைப் பார்க்க மடிப்புக் கூடத்துக்குப் போனேன். பதினோரு தொப்பி, பதினோரு முகமூடி, இருபத்திரண்டு கைகள். பண்டல் மலை மாதிரி ஏறிக்கொண்டிருந்தது.

செப். 22, திங்கள்

எழுதவே கூசுகிறது. இருந்தாலும்.

பத்து மணிக்கு வி. அறையில் கூட்டம். திரையில் வருகை விவரம் காட்டும் வட்டம், அதில் ஒரு பெரிய துண்டு சிவப்பு. புதிய மென்பொருளோடு செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்று இலவசம். சனிக்கிழமையை அது ஒரே வரியில் சுருக்கியிருந்தது: மடிப்புப் பிரிவில் ஈடுபாடு குறைந்துள்ளது, குழுவாக விருந்துக்கு அழைத்துச் செல்லலாம்.

வி. விருந்தை விட்டுவிட்டார். "மாஸ் ஆப்சென்ட் சார். பதினோரு பேரும் ஒரே நாள். இது பிளான்."

"பண்டல் கணக்கு முழுசா இருக்கே" என்றேன். என் வீரம் அவ்வளவுதான்.

"அதான் சார் எனக்கும் டவுட். ஆளே இல்லாம பண்டல் எப்படி வரும்? யாரோ பொய்க்கணக்கு எழுதியிருக்காங்க."

அவர் நாற்காலியிலிருந்து மடிப்புக் கூடத்துக்கு எண்பது அடி. போய் ஒரு பண்டலைத் தொட்டுப் பார்க்கலாம். தொட்டுப் பார்ப்பது ஓல்டு ஸ்கூல்.

ஜெபமணி அக்காவை அழைத்தார்கள். அவர்தான் மூத்தவர், அதனால் அவர்தான் தூண்டியவர். வி. கையில் ஒரு தாள். சொல்லாமல் வேலைக்கு வரவில்லை, மன்னிக்கவும் என்று பதினோரு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர் மேலிட முடிவு வரும்வரை வெளியே.

"நான் வந்தேன்" என்றார் அக்கா.

"சிஸ்டத்துல இல்லையேம்மா."

"சிஸ்டத்துல இல்லாட்டி? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"விரல் வச்சீங்களா?"

"வச்சேன். அது எடுக்கல."

"மூணு வருஷமா எடுத்த விரலை அன்னைக்கு மட்டும் எப்படி எடுக்காம போகும்?"

அக்கா வாயை மூடிக்கொண்டார். கட்டைவிரல் கதையைச் சொன்னால் கருப்பசாமி வேலை போய்விடும். என் பக்கம் திரும்பினார். "கம்ப்யூட்டர் சாரு பாத்தாவள்ல. அவியளக் கேளுங்க."

வி. என்னைப் பார்த்தார்.

"செக் பண்றேன்" என்றேன்.

இருபத்திரண்டு வருஷம் இந்தத் தொழிலில் நான் கற்ற மொத்த மொழியும் அந்த இரண்டு சொல்தான். சர்வர் எரிந்தாலும் சொல்வேன். கண்ணெதிரே ஒருத்தர் வேலை போகும்போதும் சொல்வேன் என்று இன்று தெரிந்தது.

பத்துப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஜெபமணி அக்கா போடவில்லை.

செப். 23, செவ்வாய்

மேகம், மழை இல்லை. அக்கா எப்போதும் வரும் நேரத்துக்கு வந்தார். உள்ளே விடவில்லை. சாலையில், எதிர்ச்சுவர் ஓரம், டிபன் தூக்கோடு நின்றார். மேல்மாடி ஜன்னலிலிருந்து தெரிகிறது. ஜன்னலை மூடினேன், ஏ.சி. குளிர் போகக்கூடாது என்று. அந்த அறையில் ஏ.சி. கிடையாது.

இன்று மென்பொருள் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. பொத்தான்கள் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போய்விட்டன. இதற்கு எத்தனை பொறியாளர்கள் எத்தனை மாதம் உட்கார்ந்தார்களோ.

மதியம் கருப்பசாமி அண்ணன் வந்தார். மொட்டைத் தலையில் சந்தனம்.

"சார், நாந்தான் செஞ்சேன்னு சொல்லிருதேன். எனக்கென்ன, இந்தக் கேட்டு இல்லாட்டி இன்னொரு கேட்டு. ஜெபமணி இப்பிடி ரோட்டுல நிக்கணுமா சார்? பாக்க முடியல."

"மிஷின்ல பதினோரு பேருல ஒங்க விரலப் போட ஒங்களுக்குத் தெரியாதேண்ணே. நம்ப மாட்டாங்க."

"எனக்குத் தெரியாதுன்னு அவியளுக்கு எப்படித் தெரியும்? அவியளுக்கே அது தெரியாதே."

ராஜபாளையத்தில் கணினித் துறை பற்றி இதைவிடச் சரியாக யாரும் பேசிக் கேட்டதில்லை.

மிஷின் பழுது என்று சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். மிஷினுக்கு வேலை போகாது. ஆனால் விற்றவன் வருவான், உள்ளே நோண்டுவான், பதினோரு பெயரில் ஒரே விரலைக் காண்பான். அப்புறம் அது அந்தப் பெண்களும் கருப்பசாமியும் சேர்ந்து செய்த மோசடி ஆகும். டிக்கை எடுத்தவன் பெயர் எதிலும் இருக்காது. அந்த அளவுக்குச் சுத்தமான வேலை.

சாயந்திரம் வீட்டில் சொன்னேன். மனைவி பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டாள். பிறகு சிவப்புப் பேனாவை மூடினாள்.

"தெனமும் வந்து கம்ப்யூட்டரத் திட்டுறீங்க. இதுல கம்ப்யூட்டர் என்ன செஞ்சுச்சு?"

தோசை ஆறிப்போனது.

செப். 24, புதன்

ஒன்பதரைக்கே போய் வி. அறை வாசலில் நின்றேன். பத்தே காலுக்கு வந்தார். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: தேய்ந்த ரேகை, டிக், கட்டைவிரல், சனிக்கிழமை கூடத்தில் பார்த்தது.

வி. லேப்டாப்பை மூடினார்.

"அப்ப அவங்க வந்திருந்தாங்களா?"

"வந்திருந்தாங்க."

"அப்ப சிஸ்டம் ஏன் ஆப்சென்ட்னு சொல்லுது?"

"கருப்பசாமி கோயிலுக்குப் போயிட்டாரு."

"அப்போ..." விரல்விட்டு எண்ணினார். "கருப்பசாமி ஒரே நாள்ல பன்னெண்டு இடத்துல ஆப்சென்ட்."

"ஆமா."

"அந்த ஜெபமணியாவது சொல்லியிருக்கலாமே சார்."

"அது என் வேல. நான் செய்யல."

தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்யப் போகிறேன், வெளியே இருங்கள் என்றார். கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே 'இன்டெக்ரிட்டி' (நேர்மையாம்) என்ற சொல் நாலு தடவை கேட்டது. என்னைப் பற்றித்தான்.

செப். 25, வியாழன்

முடிவு வந்தது. பதினோரு பேருக்கும் சனிக்கிழமை வருகை உண்டு. கையெழுத்துத் தாளைக் கிழித்தாயிற்று. அக்கா வேலைக்கு வரலாம். கருப்பசாமிக்குக் கண்டிப்பு மட்டும். முகம் பார்த்து வருகை பதியும் மிஷின் வாங்குவார்களாம். அதிலும் எங்காவது ஒரு டிக் இருக்கும்.

வாசலில் ஜெபமணி அக்காவைப் பார்த்தேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்திருக்கிறேன் போல. அற்பன்.

"திங்கக்கெழமயே சொல்லியிருக்கலாம்லா சார்."

"சொல்லியிருக்கணும்க்கா."

"ரோட்டுல போறவ எல்லாம், எக்கா என்னத்தக் களவாண்டன்னு கேக்கா. ரெண்டு நாளு." தூக்கை இடதுகைக்கு மாற்றிக்கொண்டார். "பொறவு பேசுவோம். வேல கெடக்கு."

உள்ளே போய்விட்டார்.

செப். 26, வெள்ளி

காலையில் லேசான தூறல்.

வி. வந்து, மெமோவுக்கு ஏன் பதில் இல்லை என்றார். எந்த மெமோ? தேடினேன். குப்பை மெயிலில் கிடந்தது. வடிகட்டியை அமைத்தவன் நான்தான், குறை சொல்வதற்கில்லை. வெளியே எடுத்துப் படித்தேன். வருகைப்பதிவில் முறைகேடு, வேலையிலிருந்து ஏன் நீக்கக்கூடாது, இன்று மாலைக்குள் விளக்கம். அதையும் புதிய மென்பொருளில்தான் பதிய வேண்டும். ஐந்நூறு எழுத்துக்கு மேல் ஏற்காது.

மதியம்வரை மனதுக்குள் ஒரு பெரிய கட்டுரை ஓடியது. வெளுத்த துணி, தேய்ந்த ரேகை, விரலைக் கழுவச் சொன்னவன், எண்பது அடி. எல்லாம் நல்ல வாக்கியங்கள்.

நாலு மணிக்கு உட்கார்ந்து தட்டினேன்:

'அன்று பதினோரு பேரும் வேலைக்கு வந்திருந்தார்கள். நான் பார்த்தேன். திங்களன்று கேட்டபோது சொல்லவில்லை.'

இன்னும் நானூறு எழுத்துக்கு இடம் இருக்கிறது என்று காட்டியது. அனுப்பினேன்.