பென்சிலில் கேட்டவர்

மார்ச் 4

அன்புள்ள டைப்பிஸ்ட் அக்காவுக்கு,

நலம்தானே? என்னை ஞாபகம் இருக்கிறதா? இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்த, கோழி கிளறின மாதிரி எழுதும் சின்ன டாக்டர். உங்கள் முகவரியை ரெக்கார்டு அறையில் கெஞ்சி வாங்கினேன்.

போன வாரம் என்னைத் துறைத் தலைவராக்கினார்கள். பாராட்டுக் கூட்டத்தில் ஒரு மாணவி, உங்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டாள். பெரிய டாக்டர் என்றேன். கைதட்டினார்கள். வீடு வந்து சேரும்வரை உறுத்தியது. மைக்ராஸ்கோப்பில் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான். பார்த்ததை எழுதக் கற்றுக்கொடுத்தது நீங்கள்.

என் கிறுக்கலை டைப் அடிப்பதற்கு முன்னால் ஓரத்தில் பென்சிலால் கேட்பீர்களே: ‘மேலே இடது என்று இருக்கிறது, கீழே வலது என்று இருக்கிறது, எது சரி?’ ‘இருக்கலாம் என்றால் இருக்கிறதா, இல்லையா?’ இன்றும் கையெழுத்துப் போடுவதற்கு முன் அவற்றை நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன். இத்தனை தாமதமாக, நன்றி அக்கா.

ஒன்று தெரிந்துகொள்ள ஆசை. மருத்துவம் படிக்காத உங்களுக்கு எந்த இடத்தில் கேட்க வேண்டும் என்று எப்படித் தெரிந்தது?

அன்புடன்,
சின்ன டாக்டர்

மார்ச் 15

அன்புள்ள சின்ன டாக்டருக்கு,

துறைத் தலைவரை இன்னும் இப்படிக் கூப்பிடலாம்தானே? கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கையெழுத்து கொஞ்சமும் திருந்தவில்லை.

எனக்கு எதுவும் தெரியாது, அதனால்தான் கேட்டேன். நான் வேலைக்கு வருவதற்கு முன்னால் என் வீட்டுக்காரருக்கு வேறொரு இடத்தில் பரிசோதனை செய்தார்கள். ‘உறுதியாக எதுவும் கூற இயலவில்லை’ என்று ரிப்போர்ட் வந்தது. ஒன்றுமில்லை என்று புரிந்துகொண்டோம். வரும் வழியில் அவருக்குப் புதுச் செருப்புகூட வாங்கினோம். மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று தெரிவதற்குள் நான்கு மாதம் போய்விட்டது. அவரும் போய்விட்டார். அதன்பிறகு எந்த ரிப்போர்ட்டையும் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகப்போகிறவள் மாதிரிதான் படிப்பேன்.

நான் அப்படிக் கேள்வி கேட்பது பெரிய டாக்டருக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் சேர்ந்த எட்டே மாதத்தில் என்னை ஜன்னல் இல்லாத ரெக்கார்டு அறைக்கு அனுப்பிவிட்டார். உத்தரவில் அவர் கையெழுத்தைப் பார்த்தேன். இப்போது பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். எதிரே வந்தால் நான் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவேன். அது போகட்டும். உங்களுக்காவது பிரயோஜனப்பட்டதே.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எழுதாமல் விட்டால் உங்களுக்கு நன்றி சொன்னதே பொய்யாகிவிடும்.

உங்களைப் பற்றிப் புகார் கொடுத்தது நான். அன்று ஒரே தாளில் மூன்று கேள்வி எழுதியிருந்தீர்கள். கூட இருந்த டாக்டர் அதைப் பார்த்துச் சிரித்தார். டைப்பிஸ்ட் வரம்பு மீறுகிறார் என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பெரிய டாக்டர் என்னை உட்காரவைத்து, "நல்லா யோசிச்சுதான் எழுதினியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நீங்கள் போன மறுவாரம் இடது சிறுநீரகத்தை வலது என்று எழுதினேன். கேட்க ஆள் இல்லை. ரிப்போர்ட் போய்விட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் சர்ஜனே சந்தேகப்பட்டு போன் செய்தார். அன்றுதான் ஒரு பென்சில் வாங்கினேன். உங்களிடம் வந்து சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை.

மன்னித்துவிடுங்கள் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

சின்ன டாக்டர்

மே 6

டாக்டருக்கு,

உடனே பதில் எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அதனால் காத்திருந்தேன்.

போன வாரம் பெரிய டாக்டர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்துத் திகைத்துப்போனார். உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கேக்கவே இல்லையேம்மா" என்றார்.

கண்ணில் பட்டதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள், அவரிடம் மட்டும் கேட்காமலே முடிவு செய்துவிட்டேன். அப்புறம் அவரே, "நானும் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார். டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். அதையும் நான் சொல்லவில்லை.

உங்கள் நன்றியை எடுத்துக்கொண்டேன். மன்னிப்பு கேட்டீர்களே, அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. ஜன்னல் இல்லாத அந்த அறையில் பத்தொன்பது வருஷம் இருந்தேன். அது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பெரிய டாக்டரும் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். நீங்களும் ஒருநாள் வாருங்கள். அந்த இடது சிறுநீரகக்காரர் பிழைத்தாரா? அதை நீங்கள் எழுதவே இல்லை.

அக்கா