வாசுகி வராத பதினாறு நாள்கள்

சார்,

இன்று காலை வில்லியனூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது இரண்டு வடை வாங்கினேன். கடைக்காரர் மடித்துக் கொடுத்த தாளின் இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டைகள். புள்ளி புள்ளியாக அச்சடித்த பெயர்கள். எண்ணெய் ஊறிய இடத்தில் வாசுகியின் பெயர் கறுப்பாகத் தெரிந்தது. அதற்கு எதிரே ‘ஆப்சென்ட்’, ‘ஆப்சென்ட்’ என்று ஆங்கிலத்தில் நீளமாக ஒரு வரிசை. நம் கம்பெனியில் பழைய கம்ப்யூட்டர் தாளை எடைக்குப் போட்டிருக்கிறார்கள். வடை ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள் போய் இருபது நாள் ஆகிறது. மூலக்குளம் திருப்பத்தில் உங்கள் ஸ்கூட்டர்மேல் லாரி மோதியதாக பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் உச்சுக் கொட்டினார். நான் கொட்டவில்லை. செத்தவரைப் பற்றிக் கெட்டது பேசாதே என்று அம்மா சொன்னாள். பேசவில்லை, எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோதும் உங்கள்முன் நான் பேசியது மொத்தம் நாலு வார்த்தை இருக்கும்.

திருபுவனைக் கம்பெனியில் பெண்கள் ரேடியோவுக்குக் காயில் என்கிற கம்பிச்சுருள் சுற்றுவார்கள். தலைமயிர்போல மெல்லிய செம்புக் கம்பி. கொஞ்சம் இழுத்தால் அறுந்துவிடும். சாயங்காலம் ஒவ்வொருத்தியும் அன்றைக்குத் தான் கெடுத்த காயில் எத்தனை என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கவேண்டும். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். டைப்ரைட்டிங் லோயர் பாஸ் என்பதால் அந்தச் சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் அடிக்கும் வேலை கிடைத்தது. செருப்பை வெளியே விட்டு உங்கள் குளிர் அறைக்குள் வருவேன். கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதிய நீங்கள் அதன் திரைக்குப் பொட்டு வைத்திருப்பீர்கள். வராதவளின் கட்டத்தை வெறுமனே விடவேண்டும், வந்தவளுக்குக் கெட்ட காயில் எண்ணிக்கையை அடிக்கவேண்டும், அவ்வளவுதான் வேலை.

கையெழுத்துப் போடும் வருகைப் பதிவேட்டை நிறுத்தச் சொன்னது நீங்கள். “ஒரே கட்டத்துல ரெண்டு வேலை முடிச்சிட்டேன் பாரு. நம்பர் இருந்தா வந்தா, இல்லன்னா வரல” என்று மேனேஜரிடம் பெருமையடித்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

வாசுகி பண்டசோழநல்லூர்க்காரி. என்னோடு ஒரே பஸ்ஸில் வருபவள். அவளும் நானும் சேர்ந்தது ஒரே நாள். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக எடுப்பார்கள், மாதத்தில் ஐந்து நாளுக்குமேல் வராதவளை எடுக்கமாட்டார்கள். நிரந்தரமாகிவிட்டால் கல்யாணப் பேச்சை இரண்டு வருஷம் தள்ளிப்போடுவதாக அவளுடைய அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காகவே அவள் கம்பியைக் கண்ணைப்போலக் காத்தாள். பாதி நாளுக்குமேல் அவளுடைய சீட்டில் பூஜ்யம்தான் இருக்கும்.

முதல் மாதத் தாளில் வாசுகி பதினாறு நாள் வரவில்லை என்று வந்தது.

அவள் சீட்டையும் தாளையும் வைத்துப் பார்த்தேன். பூஜ்யம் போட்ட நாளெல்லாம் ஆப்சென்ட். நீங்கள் சாப்பிடப் போயிருந்தபோது அவளுடைய கட்டத்தில் 1 அடித்துப் பார்த்தேன், வந்தாள் என்றது மிஷின். 7 அடித்தேன், வந்தாள். முன்னால் கழித்தல் கோடு போட்டு, கெட்ட எண்ணிக்கையாக இருக்கவே முடியாத -3 அடித்தேன், அதற்கும் வந்தாள். பூஜ்யம் அடித்தால் மட்டும் வரவில்லை. வெறும் கட்டமும் பூஜ்யமும் அந்த மிஷினுக்கு ஒன்று.

உங்களிடம் சொன்னேன். நீங்கள் சிரித்தது ஞாபகமிருக்கிறதா?

“அதுக்கு ரெண்டுதாம்மா தெரியும். உண்டு, இல்ல. ஜீரோன்னா இல்ல. மத்த எந்த நம்பரும் உண்டு. நாப்பது பேருக்கு ஒழுங்காத்தான வருது? ஒருத்திக்காக நான் புரோகிராம மாத்தணுமா? ஒம்பதாங்கிளாஸ் எனக்குக் கத்துக் குடுக்க வந்துட்டியா?”

நான் போய் உட்கார்ந்துகொண்டேன். அடுத்த மாதம் வாசுகி பூஜ்யம் எழுதிய நாளெல்லாம் நானே 1 அடித்தேன். பொய்தான். அந்தப் பொய்யை அடித்தால்தான் அவள் வந்தது நிஜமானது.

அந்த மாதத்திலிருந்து தாளைப் பலகையில் ஒட்டினார்கள். வாசுகி அதை விரலால் தடவித் தடவிப் படித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“இன்னாடி இது? ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணுன்னு? நான் எங்கடி கெடுத்தேன்?”

சொன்னேன்.

“அதுக்கு? கெடுக்காத காயிலுக்கு நான் கெட்ட பேரு வாங்கணுமா? தெனம் ஒன் பக்கத்துல குந்தினு வர்றேன், நான் வந்தேனா இல்லியான்னு அந்தப் பொட்டிதான் சொல்லணுமா? வாடி, கேட்டுட்டு வரலாம்.”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். உங்கள் அறையில் மேனேஜர் இருந்தார். வாசுகி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “சார், ஒரு காயிலு கெட்டாத்தான் நான் வந்த மாதிரியா? அப்ப நாளையிலேர்ந்து தெனம் ஒண்ணு அறுத்துப் போட்டுட்டுப் போறேன், சரியா?” என்றாள். வாசலில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். உங்கள் முகம் சிவந்தது அந்தச் சிரிப்புக்குத்தான்.

“தப்பு மிஷின்ல இல்ல சார், இந்தப் பொண்ணு விரல்ல” என்று என்னைக் காட்டினீர்கள். “சீட்ல ஜீரோ, இங்க ஒண்ணுன்னு அடிச்சிருக்கா. கேளுங்க.”

மேனேஜர் கேட்டார். “மாத்தி அடிச்சியா இல்லியா? ஆமாவா, இல்லவா? அத மட்டும் சொல்லு.”

அந்த இரண்டுக்கும் நடுவில் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. “ஆமா” என்றேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றீர்கள். ஒரு வார்த்தை போதும் சார். அவள் வந்தாள் என்று ஒரு வார்த்தை. தினமும் வாசலில் அவளைப் பார்த்த ஆள் நீங்கள்.

பொய் அடித்ததற்கு என்னையும், பதினாறு நாள் வராததற்கும் திமிராகப் பேசியதற்கும் அவளையும் அன்றே நிறுத்தினார்கள்.

இதோடு போயிருந்தால் தெரியாமல் செய்தீர்கள் என்று விட்டிருப்பேன். இரண்டு வாரம் கழித்துக் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு கட்டம் வந்ததாம். வந்தாளா என்பதற்குத் தனியாக ஒரு கட்டம். எனக்குப் பதில் வந்த பெண் சொன்னாள். ஆக, உங்களுக்குப் புரிந்திருக்கிறது. திருத்தவும் தெரிந்திருக்கிறது. எங்களைக் கூப்பிட மட்டும் தெரியவில்லை.

வாசுகியைத் தை மாதமே கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கல்யாணத்தன்று என் காதோரம், “இன்னிக்கு வந்திருக்கேனான்னு பாத்துச் சொல்லுடி” என்றாள். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

இப்போது வில்லியனூரில் ஒரு தையற்கடையில் வேலை செய்கிறேன். யாராவது வெறும் கட்டத்தோடு அன்றைய தையல் கணக்குத் தாளை நீட்டினால், “வரலியா, இல்ல வந்து ஒண்ணும் இல்லியா?” என்று கேட்காமல் வாங்குவதில்லை. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு இந்த ஒன்றை மட்டும் கேட்டுவிடுகிறேன்.

போன வாரம் திருபுவனை பஸ் நிறுத்தத்தில் உங்கள் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரைப் பார்த்தேன். கண்ணாடி போட்ட படம். கீழே பெரிய எழுத்தில், ‘ஒரு குறையும் இல்லாத மனிதர்’ என்று போட்டிருந்தார்கள்.

குறை பூஜ்யம் என்றால், உங்கள் புரோகிராம்படி நீங்கள் இந்த ஊருக்கு வரவே இல்லை சார். நான் அப்படி விடமாட்டேன். வடைத் தாளை மடித்து வைத்திருக்கிறேன். அதன் ஓரத்தில் உங்கள் பெயரை எழுதி, எதிரே 1 என்று போட்டிருக்கிறேன். இந்த முறை அது பொய்யில்லை.

நீங்கள் வந்தீர்கள்.