மேலே கட்டிய சங்கிலி

இரண்டு முறை சோப்புப் போட்டும் சட்டைப் பையிலிருந்து கிரீஸ் வாசனை போகவில்லை. இன்று காலை அந்தப் பையில் இருந்தது உன் டிராக்டரின் டாப் லிங்க் பின், கலப்பை மாட்டும் இரும்பு முளை. கட்டைவிரல் பருமன்; ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அளந்து பார்த்தேன். நீ சிரிப்பாய் என்று தெரிந்தேதான் அளந்தேன். இப்போது இந்தத் தாள் பறக்காமல் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான்.

திண்டிவனத்திலிருந்து வண்டி வந்த நாள் நினைவிருக்கிறதா? நீ ஐந்தாம் வகுப்போடு நின்றவன். விழுப்புரத்தில் ஒரு பதிவறையில் காலம் முழுக்கக் கோப்பு அடுக்கிய நான்தான் உனக்குக் கையேட்டை வாசித்தேன். வண்டியின் பின்னால் மூன்று கைகள்: கீழே இரண்டு, மேலே ஒன்று. மேலே இருப்பதுதான் டாப் லிங்க்; அதை வண்டியோடு பிணைப்பது இந்தப் பின். மேல்கையைத் திருகிக் குறுக்கினால் கலப்பையின் மூக்கு மண்ணில் இறங்கும், நீட்டினால் நிமிரும். திருகுவதற்கு முன் கலப்பையைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்த வேண்டும். தூக்கி நிற்கும் கலப்பைக்கு அடியில் கையை விடக்கூடாது. அதை மட்டும் மூன்று முறை வாசித்தேன்.

"இன்னாடா, கல்யாண மந்திரம் மாதிரி திருப்பித் திருப்பி ஓதிக்கினு இருக்கே?" என்றாய். ஆனாலும் நான் வரப்பில் நின்ற நாளெல்லாம் கலப்பையை இறக்கிவிட்டுத்தான் இறங்கினாய். "ஆபீசரு பாக்குறாரு, எறக்கிடு" என்று உனக்கு நீயே உத்தரவு போட்டுக்கொள்வாய்.

இன்னொரு வரியும் இருந்தது. எதை இழுத்தாலும் அச்சுக்குக் கீழே இருக்கும் இழுவைத் தட்டில்தான் கட்ட வேண்டும், டாப் லிங்க் இடத்தில் ஒருபோதும் கூடாது; வண்டி பின்பக்கமாகக் கவிழும். அதை ஒரே ஒரு முறைதான் வாசித்தேன். மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் மாட்ட இடைஞ்சல் என்று அந்தத் தட்டை நீ கழற்றிக் கொட்டகை மூலையில் போட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை.

சவுக்கு வெட்டிய கொல்லை நிலத்தில் மல்லாட்டை விதைக்க வேண்டும், அடிக்கட்டைகளைப் பிடுங்க வேண்டும் என்றாய். சங்கிலியை டாப் லிங்க் பின்னில் சுற்றினாய்.

"கொஞ்சம் கீழ கட்டலாமா?" என்று கேட்டேன். கேட்டேன், அவ்வளவுதான். சொல்லவில்லை.

"மேல கட்டுனாதாண்டா தூக்கும்" என்றாய்.

படித்தது சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று எனக்கு என்மேலேயே சந்தேகம். ஒதுங்கி நின்றேன். நீ ஏறி வண்டியைக் கிளப்பினாய். வேர் மண்ணை விடவில்லை. முன்சக்கரங்கள் எழுந்தன. கிளட்ச்சை மிதி என்று கத்த நான் மூச்சு இழுப்பதற்குள் வண்டி உன்மேல் கவிழ்ந்திருந்தது.

உன் வீட்டில் அன்றிலிருந்து ஒரே பேச்சு: அவன் நேரம் முடிந்தது. நானும் தலையாட்டினேன். மூன்று வருடம் ஆட்டினேன்.

இன்று காலை உன் தம்பி மிச்சக் கட்டைகளைப் பிடுங்க வந்தான். அதே வண்டி, பழுது பார்த்து ஓட்டுகிறான். அதே இடத்தில் சங்கிலியைச் சுற்றினான்.

"தம்பி, அங்க கட்டாத."

"ஓரமா நில்லுங்கண்ணே. ஜல்தி முடிக்கணும்."

சங்கிலியின் மறுமுனையை எடுத்துக்கொண்டு அவன் கட்டைப் பக்கம் போனான். எஞ்சின் நின்றிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். பின்னை உருவிப் பையில் போட்டேன். சங்கிலி தரையில் விழுந்தது. இது போதாது, வேறு கம்பியைச் செருகிவிடுவான் என்று தோன்றியது. போய் அந்த அடிக்கட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாண்ணே இது பேஜாரு! வயசான காலத்துல கட்ட மேல குந்திக்கினு... ஆளுங்க சிரிக்கிறாங்க பாருங்க."

"சிரிக்கட்டும்."

"அண்ணன் நேரம் முடிஞ்சிச்சு, போய்ட்டாரு. அதுக்கு சங்கிலி இன்னா பண்ணும்?"

"நேரம் இல்லடா. சங்கிலிதான். மேல கட்டுன சங்கிலி. எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் சத்தமா சொல்லல."

சிரிப்பு நின்றது.

"தெரிஞ்சுமா?" என்றான்.

"தெரிஞ்சும்."

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கொட்டகைக்குப் போய், துருவேறிய இழுவைத் தட்டைத் தூக்கி வந்தான். நான் ஸ்பேனரை நீட்டினேன். முகம் பார்க்காமல் வாங்கினான். போல்ட்டுகளை முடுக்கி முடிக்க வெயில் ஏறிவிட்டது. கட்டையைச் சுற்றி மண்ணைத் தோண்டி, பக்க வேர்களை அறுத்து, சங்கிலியைக் கீழே கட்டினோம். அறுந்தாலும் சங்கிலி எட்டாத தூரத்துக்கு ஆட்களை விரட்டினேன். ஆம், விரட்டினேன், நான்தான். வண்டி மெல்ல நகர்ந்தது. முன்சக்கரங்கள் மண்ணை விடவில்லை. கட்டை வந்தது.

சாயங்காலம் ஆள் அனுப்பியிருந்தான்: நாளைக்குக் கலப்பை மாட்ட வேண்டும், பின்னைக் கொடுத்தனுப்புங்கள். கொடுக்கவில்லை. நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். கலப்பை தரையில் இருக்க வேண்டும், எஞ்சின் நிற்க வேண்டும், பிறகுதான் பின். வீட்டுப் படி ஏறாதே என்று உன் தம்பி சொல்லலாம். அதைச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. நான் கொல்லைக்குத்தானே போகிறேன்.

உன் சாவை விதி என்று இனி எவர் சொன்னாலும் தலையாட்ட மாட்டேன். குரல் நடுங்கும். நடுங்கட்டும். நடுங்கிக்கொண்டே சொல்வேன்.

நீ சிரிப்பது கேட்கிறது. சிரி. ஆபீசர் பார்க்கிறார்தான். பின் என்னிடம் இருக்கிறது.