இடப்பக்கம் இழுக்கிற கொன்ட்ரோலர்

மாசி 9, ஞாயிறு
மத்தியானம் திடீர் மழை. காயப்போட்ட நெல்லை அள்ளி உள்ளே. முதுகெல்லாம் நெல்லுச் சுணை, ஒரே கடி.

போனில விளையாடக் கொன்ட்ரோலர் வாங்கி எட்டு நாள். இடப்பக்கத் தடி தொடாமலே இடப்பக்கம் போகுது. பேர் வைச்சாச்சு: இடதுசாரி. என்ர போன் திரை ஒருபக்கம் வெடிச்சது, தொட்டால் கேக்காது. அதுக்குத்தான் இந்தச் சனியன்.

ஞாயிறு ஆறு மணிக்கு பிரான்சில இருக்கிற அண்ணாவோட பந்தாட்டம். அம்மாவின்ர போனில கதை, என்ர போனில ஆட்டம். அம்மாவோட எண்டால் "ஓம் சாப்பிட்டனான், ஓம் குளிர்தான்". விளையாடேக்க மட்டும்தான் அவருக்கு வாய் திறக்கும். முதலாளி, அறையில குறட்டை விடுறவர், எல்லாற்ற கதையும் வரும்.

இண்டைக்கு எனக்கு 0, அவருக்கு 7.
"என்னடா, விட்டுத் தாறியோ? அப்பிடியெண்டா வேண்டாம்."
போனை வைச்சிட்டார்.

11, செவ்வாய்
அண்ணாட்டையிருந்து ஒண்டும் இல்லை.
வகுப்பில பக்கத்துக் கதிரை நிரு: "ஈரம் பூந்திருக்கும். அரிசிக்குள்ள வை, இழுக்கும்."
அம்மா: "அரிசிப் பானையில கை வைச்சியோ, முறிப்பன்."
நெல்லும் அரிசிதானே. உடுப்புப் போட்ட அரிசி. கொன்ட்ரோலரை நெல் மூட்டைக்குள்ள தாட்டாச்சு.

12, புதன்
எடுத்தன். இப்ப தடி கறுக் கறுக் எண்டுது. இடப்பக்கம் போனால் திரும்பி வரவே வராது.
பள்ளிக்கூடம் விட்டு, வாங்கின கிளிநொச்சிக் கடைக்கு பஸ். கடைக்காரர் குலுக்கினார். மேசையில ஒரு நெல்மணி விழுந்தது.
"தம்பி, இதை விளையாடினனீரோ, விதைச்சனீரோ?"
"முளைச்சால் உங்களுக்கும் ஒண்டு தாறன் அண்ணை."
நிண்டவை எல்லாம் சிரிப்பு. திருப்பி எடுக்கேல்லை. பசையால ஒட்டின சாமானாம், திறந்து பாக்கவும் ஏலாதாம்.

14, வெள்ளி
அரிசி யோசனைக்குப் பதிலடி: நிருவின்ர சைக்கிள் மணியைக் கழட்டி அவன்ர சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள. வகுப்பே சிரிச்சு உருண்டுது. எனக்குச் சிரிப்பு வரேல்லை. பசியும் இல்லை.
அண்ணா அம்மாவுக்கு எடுத்தவர். மூண்டு நிமிசம். என்னைக் கேக்கேல்லை.

16, ஞாயிறு
வெயில். நெல் திரும்ப வெளியில.
ஆறு மணிக்கு நானே எடுத்தன். "விட்டுத் தரேல்லை அண்ணா. கொன்ட்ரோலர் பழுது. இருக்கிறதோட வாறன்."
"ம்."
ஆட்டம் தொடங்கிச்சு. என்ர ஆள் நேரா மூலைக் கொடியடிக்குப் போய் அங்கேயே ஓடிக்கொண்டு நிண்டான்.
"எங்கடா போறான்?"
"பரந்தன் சந்திக்கு. பஸ் பாக்க."
சிரிச்சார். பிறகு பந்தை அடிக்கேல்லை. தன்ர ஆளையும் ஓட்டிக்கொண்டு வந்து என்ர ஆளுக்குப் பக்கத்தில விட்டார்.
"வேலை போயிட்டுதடா. பத்து நாளாச்சு. அம்மாட்டைச் சொல்லிப்போடாதை."
"ஓம்."
அம்மா குசினிக்குள்ள, சமையல். கேட்டிருக்காது.
ரெண்டு பேரும் மூலையில. கோல் ஒண்டும் இல்லை. ஆட்டம் முடிய இன்னும் இருவது நிமிசம் கிடந்தது.