கயிற்றைத் தூக்கிய கை

அக்கா,

எதிர்வீட்டு ஆன்டி இன்று காலை ஒரு டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தார். மூடியைத் திறந்ததும் வெல்லமும் ஏலக்காயும் சூடாக முகத்தில் அடித்தன. சிரித்து வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். செந்தூலில் இந்தப் பிளாட்டுக்கு வந்து நான்கு பொங்கல் ஆகிவிட்டது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் கொடுக்கிறார், நான் குப்பையில் கொட்டுகிறேன். இந்த வாசனையில் எனக்குக் குதிரையின் மூச்சும் ஈர வைக்கோலும் சேர்ந்தேதான் வருகின்றன. அவற்றோடு நீங்களும்.

ஷா ஆலத்தை ஒட்டிய அந்தக் குதிரையேற்றப் பள்ளியில் லாயம் உங்கள் பொறுப்பு, அலுவலகமும் பதிவேடுகளும் என் பொறுப்பு. காலையும் மாலையும் குதிரைகளின் உடல்சூட்டை அளந்து எழுதுவதும் நான்தான். மதிய வேளையில் நான் புத்தகத்தோடு உட்கார்ந்தால், “எழுத்தைத் தின்னா வயிறு ரொம்புமாடி?” என்று கேட்டுவிட்டு உங்கள் டப்பாவிலிருந்து பாதி மீனை என் தட்டில் தள்ளுவீர்கள்.

மாட்டுப் பொங்கலைக் குதிரைகளுக்குக் கொண்டாடுவது நீங்கள் கொண்டுவந்த வழக்கம். முதல் வருடம் நான் சிரித்தேன். “மாடு இல்லாத ஊர்ல எது உழைக்குதோ அதுதான் மாடு. நீயும் மாடுதான், வா, உனக்கும் பொட்டு வைக்கிறேன்” என்றீர்கள். கிள்ளான் கடைத்தெருவில் வாங்கிய செவ்வந்தி மாலைகள், குளிப்பாட்டிய உடம்புகள், நெற்றியில் குங்குமம். பிறகு உங்கள் உள்ளங்கையில் ஒரு சின்ன உருண்டைப் பொங்கல். ஒவ்வொரு குதிரையும் அதை நக்கி முடிக்கும்வரை நின்று, அதே கையோடு அடுத்த குதிரைக்குப் போவீர்கள். ராணிதான் எப்போதும் கடைசி. அந்தக் கிழட்டுப் பெண்குதிரைக்கு மட்டும் இரண்டு உருண்டை.

நாம் சேர்ந்து கொண்டாடிய கடைசி வருடம், பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு ஈப்போ பக்கமிருந்து லோரியில் ஒரு புதுக் குதிரை வந்தது. நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க மூன்று வாரம் தனியாக வைக்க வேண்டும் என்று குதிரை டாக்டர் சொல்லி, பின்பக்கக் கொட்டடிக்கு முன்னால் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டினார். அதற்கென்று தனி வாளி, தனி ஆள். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நான்தான் சொன்னேன். “புதுசுக்கும் குடுங்களேன்க்கா. பாவம், தனியா நின்னு பாக்குது.”

“கயிறு கட்டியிருக்கேடி. டாக்டர் திட்டுவாரு லா.”

“ஒரு உருண்டைதானே? நல்ல நாளும் அதுவுமா.”

சொல்லிக்கொண்டே கயிற்றைத் தூக்கிப் பிடித்தேன். நீங்கள் குனிந்து உள்ளே போனீர்கள். அது நக்கியது, உங்கள் கையிலேயே தும்மியது. “அடியே, கையிலயே அபிஷேகமா!” என்று சிரித்து, தோள் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தீர்கள். இன்னும் மூன்று குதிரைகள் பாக்கி. மூன்றாவது ராணி.

அன்று காலை அந்தப் புதுக் குதிரைக்குக் காய்ச்சல் சற்றுக் கூடியிருந்தது. அதை எழுதியதும் நான்தான். வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரத்துக்குள் மூன்றுக்கும் காய்ச்சல் வந்தது. இரண்டு தேறின. ராணியின் பின்னங்கால்கள் முதலில் பின்னின. வால் தொங்கியது, சிறுநீர் தானாகச் சொட்டியது. ஒரு காலை அது நாய் உட்காருவதைப் போல உட்கார்ந்திருந்தது. எழ முயன்று எழ முயன்று முன்னங்கால் முட்டிகள் கிழிந்துவிட்டன. டாக்டர் கடைசி ஊசியைப் போட்டபோது அதன் தலை உங்கள் மடியில் இருந்தது.

அன்று மதியமே விசாரணை. இது குதிரைகளுக்கு வரும் ஹெர்பிஸ் என்றார் டாக்டர். குட்டியிலேயே புகுந்து நரம்புக்குள் வருடக்கணக்கில் உறங்கும், நீண்ட பயணத்தின் களைப்பில் விழித்துக்கொள்ளும், பிறகு மூக்குநீரில் வெளியே வரும் என்றார். கயிற்றைத் தாண்டியது யார் என்று மேனேஜர் கேட்டார். யாரும் வாய் திறப்பதற்கு முன்னால் என் குரல் கேட்டது.

“பொங்கல் அன்னிக்கு அக்கா உள்ள போனாங்க.”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கயிற்றைப் பற்றிச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் சொல்லவில்லை. டாக்டரின் ஆங்கிலம் புரியாமல், “என்னடி சொல்றாரு?” என்று மட்டும் என்னிடம் கேட்டீர்கள். நான் மொழிபெயர்த்தேன்: “கையில ஒட்டிக்கிட்டுப் போகுமாம். துணியில, வாளியில, எல்லாத்துலயும். உங்க கையாலதான் ராணிக்குப் போயிருக்கு.” தேவைக்கு மேல் தெளிவாகவே சொன்னேன். தவறு முழுவதும் உங்கள் பக்கம் போய் நிற்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு இருந்தது.

வேலையோடு, லாயத்துக்குப் பின்னால் இருந்த உங்கள் அறையும் போயிற்று.

ஒரு வருடம் கழித்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் நீங்கள் தட்டு கழுவிக்கொண்டிருந்தீர்கள். நான் அருகே வந்தேன். “தள்ளி நில்லு. சோறு போடற எடம். நீ வந்தா என்ன ஒட்டிக்கிட்டு வருமோ” என்றீர்கள், நிமிராமலே. பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள். நான் கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். அந்தக் கோபம் எனக்கு வசதியாக இருந்தது, மறுபடி உங்களிடம் வரவேண்டிய அவசியத்தை அது தீர்த்துவிட்டது.

நீங்கள் போய்விட்ட செய்தியும் தாமதமாகத்தான் வந்தது. சிறுநீரகம் என்றார்கள். பதினாறாம் நாள் கிள்ளானில் உங்கள் மகள் வீட்டுக்குப் போனேன். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் எனக்கு டீ கொண்டுவந்தாள்.

“குதிரைப் பள்ளியில அம்மாகூட வேலை செஞ்சவங்களா நீங்க? அம்மா எப்பவும் அந்த ராணியப் பத்தித்தான் பேசுவாங்க. இவ பொறந்து எட்டு மாசம். ஒரு நாள்கூடத் தூக்கல. ‘என் கை வேணாம்டி, இந்தக் கையிலதான் போச்சு’ன்னு ஒதுங்கிப் போயிருவாங்க. எவ்வளவு சொல்லியும் கேக்கல.” பிறகு என்னைப் பார்த்து, “அந்த வியாதி மனுசங்களுக்கு வருமாக்கா?” என்றாள்.

“வராது” என்றேன். “குதிரைக்குத்தான். கையில இருந்தாலும் கழுவினாப் போயிரும்.”

அவள் குழந்தையின் சட்டையை இழுத்துச் சரிசெய்தாள்.

“யாராச்சும் அம்மாகிட்ட அதைச் சொல்லியிருக்கலாம்.”

“ஆமா” என்றேன்.

வாசலில் யாரோ வந்தார்கள். “ஒரு நிமிசம் புடிங்கக்கா” என்று குழந்தையை என்னிடம் நீட்டிவிட்டு அவள் எழுந்து போனாள். நான் வாங்கிக்கொண்டேன். சட்டையில் பால் மணம். சூடான சின்ன முதுகு. உங்கள் நெற்றி அப்படியே. அவள் திரும்பி வந்ததும் கயிற்றைத் தூக்கியது யார் என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். திரும்பி வந்தாள். குழந்தையைக் கொடுத்தேன். வருகிறேன் என்றேன்.

நீங்கள் ஒரு முறையும் தூக்காத அந்த எடை இன்னும் என் கைகளில் இருக்கிறது, அக்கா.