பிரைமருக்கு அடங்காத கிரகம்

மார்ச் 3, செவ்வாய்

பெயிண்ட் குடோனின் தெற்குச் சுவரில் என் வீட்டுக்காரி ஒரு கிரகத்தை வரைந்துவிட்டாள். தரையிலிருந்து கூரை வரை, நீலமும் ஊதாவுமாக. பெயிண்ட் ஏது என்று கேட்டேன். கலவை மெஷினில் நிற்கும் மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தப்பாகக் கலந்து, வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்த பதினோரு டப்பாவும் காலி.

“ரொம்ப தூரத்துல இருக்குங்க. அங்க கண்ணாடி மழை பெய்யுமாம்” என்றாள். கண்ணாடி மழை பெய்கிற ஊரில் எந்த வெளிச்சுவர் பெயிண்ட்டும் ஒரு வாரம் தாங்காது. அதைச் சொன்னேன். சிரிக்கவில்லை.

மார்ச் 4, புதன்

திங்கட்கிழமை குடோன் சொந்தக்காரர் ஒப்பந்தம் புதுப்பிக்க வருகிறார். தெருவே அவரை ‘வெள்ளைச்சுவர்’ என்றுதான் சொல்லும். ஒப்பந்தத்தில் முதல் வரியே ‘சுவர்கள் வெள்ளையாக இருக்க வேண்டும்’. பக்கத்துக் கட்டடத்தில் ஒரு தையல்காரர் சுவரில் அளவு எழுதினார் என்று காலி பண்ண வைத்த மனுஷன். இவ்வளவு சரக்கையும் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்?

மார்ச் 5

அழிக்கப் போகிறேன் என்றேன். “உங்க குடோன், உங்க சுவர்” என்றாள். அப்புறம் பேச்சே இல்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதி.

மார்ச் 8, ஞாயிறு

நானே வெள்ளை பிரைமர் அடித்தேன். என் கடையில் அதிகம் ஓடுகிற சரக்கு. ‘ஒரு கோட்டு போதும், அடியில கரியே இருந்தாலும் தெரியாது’ — பன்னிரண்டு வருஷமாக எத்தனை பேரிடம் அடித்துச் சொல்லியிருப்பேன்! ஒரு கோட்டு. நீலம் எட்டிப் பார்த்தது. இரண்டாவது கோட்டு. காய்ந்ததும் வெள்ளைக்கு நடுவே திட்டுத்திட்டாக ஊதா சிரித்தது. ஐயோ, இத்தனை நாளா இதையா வித்துக்கிட்டிருந்தேன்?

“மாமா, இதுக்குத்தான் நாம கேரண்டி குடுக்கிறோமா?” என்றான் மச்சான்.

“ஏணிய ஒழுங்கா பிடிடா.”

சாயங்காலம் அவள் வந்து நின்றாள். எனக்கு இறங்கத் தைரியம் இல்லை. ஒரு வெள்ளைத் திட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

“மேகம் மட்டும் எனக்கு வரவே மாட்டேன்னுச்சு. எப்படிங்க அடிச்சீங்க?”

மூன்று நாளில் முதல் பேச்சு. “கைவாகு” என்றேன். வேறென்ன சொல்ல?

மார்ச் 9, திங்கள்

வெள்ளைச்சுவர் கைத்தடியோடு வந்தபோது அவளும் குடோனில் இருந்தாள். சுவரைப் பார்த்தார். நான் பிரைமர் டப்பாவைக் காலால் பின்னால் தள்ளினேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இடுப்பு உடைஞ்சு மூணு மாசம் படுத்திருந்தேம்மா. மேல பாத்தா வெள்ளை. திரும்பிப் படுத்தா வெள்ளை. பைத்தியமே பிடிச்சிரும்போல ஆயிருச்சு.” என்னிடம் இல்லை, அவளிடம் பேசினார். “இந்த மேகத்துக்குப் பின்னாடி என்ன இருக்கு?”

“கண்ணாடி மழைங்கய்யா.”

“என் படுக்கை ரூம் கூரையில இது வருமா?”

நான் வாயைத் திறந்தேன். அவள் ஒரு பார்வையில் மூடிவிட்டாள். பேரத்தை அவளே பேசினாள். பன்னிரண்டு வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்தவன் நான். சும்மா நின்று வேடிக்கை பார்த்தேன்.

மார்ச் 10

கையெழுத்தாயிற்று. குடோன் மூன்று வருஷத்துக்கு, பழைய வாடகையே. ஒப்பந்தத்தின் முதல் வரி நீக்கப்பட்டது. தெற்குச் சுவர் அவளுடையது. அவர் கூரைக்கு ஒரு கிரகம், எது என்பது அவள் இஷ்டம். நிறம், மச்சான் தப்பாகக் கலந்தது மட்டும். மேகத்துக்கு நான் — கூலி கிடையாது, சாப்பாடு உண்டு.