வழி தெரிந்த சேவல்

சோங்சிங்
3 நவம்பர் 1996

சாங்கெங் அம்மாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நம் கொண்டை பிளந்த சேவலும் நலம். பஸ்ஸில் கண்டக்டர் பெண், "பெரியவரே, சேவல் சீட்டுல உக்காந்திருக்கு, அதுக்கும் டிக்கெட் எடுங்க!" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். எதற்குக் கொண்டுபோகிறேன் என்று தெரிந்தால் சிரித்திருக்க மாட்டார்கள்.

இது என்ன ஊரோ! ஒரு தெருவில் நுழைந்து மூச்சு முட்ட மாடிப்படி ஏறி, உச்சியில் கதவைத் திறந்தால் அங்கேயும் ஒரு தெரு, அதிலும் பஸ் ஓடுகிறது. இந்தப் படிகளில்தான் நம் பிள்ளை மூங்கில் கழியில் சுமை தூக்கியிருக்கிறான். படகில் ஏறும்போது அவன் வழுக்கி ஆற்றில் விழுந்த பலகையைப் பார்த்தேன். உடல் இனிக் கிடைக்காது என்று படகுத்துறையில் சொல்லிவிட்டார்கள்.

அவனோடு தங்கியிருந்த சுமைகாரர்களின் அறையில்தான் இருக்கிறேன். ஹௌ என்பவன் மூத்தவன், தங்கமான பிள்ளை. மகனின் உயிரை அழைத்துப்போக வந்திருப்பதை அவர்களிடம் சொல்லவில்லை. அடுத்தவர் கூரைக்குக் கீழே அந்தப் பேச்சை எடுக்கலாமா? பதினைந்தாம் தேதி நல்ல நாள். அன்று விடியலில் ஆற்றங்கரையில் சேவலைக் கூவவிட்டு அழைக்கிறேன், அதன் குரலுக்குப் பின்னாலேயே அவன் வீடு வந்து சேர்வான்.

சாங்கெங் அப்பா


8 நவம்பர்

சாங்கெங் அப்பாவுக்கு,

அந்த ஊர்க் காரத்தைச் சாப்பிடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். சொன்னால் கேட்கிற ஆளா நீங்கள்?

சேவலின் கால் கயிற்றை அவிழ்க்காதீர்கள். அது அவன் கட்டிலடியில் குஞ்சாகப் பொரிந்தது, அவன் கையில் தின்றது. கடையில் வாங்கும் சேவலுக்கு நம் வீட்டு வழி எப்படித் தெரியும்? செத்துவிட்டோம் என்பதுகூடத் தெரியாமல் அவன் இன்னும் சுமை தூக்கிக்கொண்டிருப்பான், பாவி மகன். பாலம் வந்தால், "சாங்கெங், பாலம் தாண்டுறோம், பின்னாடியே வாடா" என்று சொல்ல மறக்காதீர்கள்.

படுக்கை விரித்து வைத்திருக்கிறேன். அவன் இல்லாமல் வராதீர்கள்.

சாங்கெங் அம்மா


சோங்சிங்
15 நவம்பர்

சாங்கெங் அம்மாவுக்கு,

எப்படி எழுதுவேன்?

நேற்று ஹௌ, "ஊர் பாக்காம போனா எப்படி பெரியப்பா?" என்று வேலையை விட்டுவிட்டு அழைத்துப்போனான். துணிக்கடை பொம்மைக்கு வணக்கம் சொன்னேன். அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். கம்பியில் தொங்கும் பெட்டியில் ஏறி ஆற்றைத் தாண்டினோம். எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். நான் தண்ணீரில் அவனைத் தேடினேன்.

திரும்பி வந்தால் மற்ற பிள்ளைகள் சமைத்து வைத்திருந்தார்கள். நல்ல பசி. இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். கடைசியில் ஹௌ, பெரியவருக்குச் செய்யும் மரியாதையாகத் தலையை எடுத்து என் கிண்ணத்தில் வைத்தான். கொண்டை ஒரு பக்கம் பிளந்திருந்தது.

"எங்களுக்காக இவ்வளவு தூரம் சுமந்து வந்தீங்களே பெரியப்பா. ஊர்ச் சேவல்னா ருசியே தனிதான்!"

"சாங்கெங் இருந்தா கால் அவனுக்குத்தான்" என்று இன்னொருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

விருந்தாளி கொண்டுவருவது வீட்டுக்குத்தானே? அவர்கள்மேல் என்ன குற்றம்? கிண்ணத்தைக் காலி செய்தேன். வெளியே போய் வாந்தியெடுக்கப் பார்த்தேன், வரவில்லை.

இன்று விடியலில் கரையில் நின்று வெறுங்கையோடு அழைத்தேன். படகுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. எந்த முகத்தோடு வீட்டுக்கு வருவேன், நீயே சொல்.

சாங்கெங் அப்பா


20 நவம்பர்

சாங்கெங் அப்பாவுக்கு,

படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்களைத் திட்டித் தீர்த்தேன். அந்தப் பிள்ளைகளைத் திட்ட வாய் வரவில்லை. அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்.

வாந்தி வராததும் நல்லதுக்குத்தான். சேவல் உங்களுக்குள் இருக்கிறது. இனி நீங்கள்தான் கூவ வேண்டும். பஸ்ஸில் ஏறாதீர்கள், டிக்கெட் இல்லையென்று அந்தக் கண்டக்டர் அவனை இறக்கிவிடுவாள். நடந்தே வாருங்கள். பாலத்துக்குப் பாலம் கூப்பிடுங்கள். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். எவ்வளவு தூக்கமாக இருந்தாலும் அப்பா குரலுக்கு அவன் எழுந்து வருவான். தொண்டை கிழிந்தாலும் நிறுத்தாதீர்கள். உங்கள் குரல் நின்ற இடத்தில் அவனும் நின்றுவிடுவான்.

கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். குரல் கேட்காமல் காலடி மட்டும் கேட்டால் தாழ் போட்டுவிடுவேன்.

சாங்கெங் அம்மா